பாலிசிக்கு ஒரு போன்

"ஒரு முத்திரை குத்த இவ்வளவு நேரமா ஐயா? நாளைக்கு எனக்கு மூணு ஆபரேஷன் இருக்கு."

டாக்டர் நூபியாவுக்குப் பொறுமை போய்விட்டது. பெரெய்ரா நகரத்தில் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் அவள் சேர்ந்து மூன்று நாள்தான் ஆகிறது. சிகிச்சையில் ஏதாவது தவறிப்போனால் நஷ்டஈடு கட்டும் இன்ஷூரன்ஸ் பாலிசி ஃபைலில் இருந்தால்தான் கத்தியைத் தொட விடுவார்கள்.

ஃபைல் பிரிவு குமாஸ்தா எவேலியோ சாவகாசமாக அந்தப் பாலிசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஐம்பது வயசு, சரியான சிடுமூஞ்சி. டாக்டர்கள் என்றாலே அந்த மனுஷனுக்கு ஆகாது என்று நர்சுகள் முதல் நாளே அவள் காதில் போட்டிருந்தார்கள்.

"யாருகிட்ட வாங்குனீங்க?"

"வில்மர்கிட்ட. என் மகளுக்கு ஞானத்தகப்பன்."

"கம்பெனியில கேட்டுப் பார்த்தீங்களா?"

"ஞானஸ்நானத்துல என் பிள்ளையைக் கையில ஏந்துன மனுஷன். அவரைப் போய்ச் சந்தேகப்பட்டுட்டு, ஞாயித்துக்கிழமை எந்த மூஞ்சியோட அவர் வீட்டுக்குச் சாப்பிடப் போறது?"

எவேலியோ போனை எடுத்தார்.

"நம்பர் அந்தத் தாள்லயே இருக்கே."

"தாளே போலியா இருந்தா, அந்த நம்பர்ல எடுக்கறவனும் அதை அடிச்சவன் ஆளாத்தானே இருப்பான்?"

தன் நோட்டைப் புரட்டி, கம்பெனியின் தலைமை ஆபீசுக்கு அடித்தார்.

நகலை வாங்கி ஃபைலில் செருகினால் இவர் வேலை முடிந்தது. வேண்டுமென்றே இழுத்தடிக்கிறார். நூபியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பத்து நிமிஷம் கழித்துப் போனை வைத்தார்.

"இப்படி ஒரு பாலிசியே இல்லையாம் டாக்டரம்மா. வில்மர்னு அவங்களுக்கு ஏஜென்ட்டும் கிடையாதாம்."

நூபியா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். நாளைக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆகியிருந்தால்? வீடு போயிருக்கும், வேலை போயிருக்கும், மகளோடு தெருவில் நின்றிருப்பாள்.

எவேலியோ ஒரு கோப்பை கருப்புக் காபியை அவள் முன் வைத்தார்.

"நேரா கம்பெனி ஆபீசுக்கே போயி வாங்குங்க. அஞ்சு மணி வரைக்கும் திறந்திருக்கும். அப்படியே போலீஸ்ல ஒரு புகாரும் குடுத்துடுங்க."

"எல்லா டாக்டருக்கும் இப்படிப் பார்ப்பீங்களா?"

"ஏழு வருஷமா. இந்த ஊர்ல ஒரு டாக்டர் இருந்தார். பிரசவத்துல அவர் கை தவறி, ஒரு குழந்தைக்குக் கை விளங்காமப் போச்சு. கேஸ்ல தீர்ப்பு வந்த அப்புறந்தான் அவருக்கே தெரியும், தன் பாலிசி போலின்னு. மனுஷன் ஒளியல, ஓடல. குடியிருந்த வீட்டை வித்து அந்தக் குடும்பத்துக்குக் குடுத்துட்டு, வாடகை ரூமுக்குப் போயிட்டார்."

நூபியா நிமிர்ந்து பார்த்தாள். இப்படியும் ஒருத்தர் இருந்திருக்கிறாரா?

"அவர் உங்க சிநேகிதரா ஐயா?"

"இல்லம்மா. அந்தக் குழந்தை என் பொண்ணு. அவர் மேல கேஸ் போட்டவனே நான்தான்."