துவைக்க வேண்டாம்

“துணியை மட்டும் துவைச்சிடாதீங்க. அதுதான் முக்கியம்,” என்றார் கால்நடை மருத்துவர். “தினமும் படுத்துப் புரண்ட துணி, அப்படியே கூடைக்குள்ள இருக்கணும். புது இடத்துல தன்னோட வாசனை அடிச்சா, அதைத் தன் வீடுன்னு நம்பிடும்.”

மகள் தலையாட்டினாள். அவளுடைய அப்பாவின் மடியில், துண்டுக்குள் சுருண்டு, துரை நடுங்கிக்கொண்டிருந்தது.

துரை என்பது வயதான பூனை. நினைத்த இடத்தில் தூங்கி, வைத்ததில் பாதியை ஒதுக்கும் ரகம். அதை இன்று கம்பிக் கதவு போட்ட பிளாஸ்டிக் கூடைக்குள் திணிப்பதற்குள் மகளின் முழங்கை வரை கீறல். வழியெல்லாம் கத்தியது, கூடையை நனைத்தது, மேஜையில் வைத்ததும் வாயைப் பிளந்து மூச்சு வாங்கியது. சொத்தைப் பல்லை எடுத்தே ஆக வேண்டும். இவ்வளவு பயத்தோடு மயக்க ஊசி போட்டால் இதயம் தாங்காது என்று மருத்துவர் கையை விரித்துவிட்டார்.

“இவன் என்னை மாதிரி. வீட்டை விட்டு நகர மாட்டான்,” என்றார் பெரியவர் பெருமையாக. காலமெல்லாம் பூட்டு ரிப்பேர் செய்த கை அதன் காதைத் தடவிக்கொடுத்தது.

“பழக்கிடலாம் சார். கூடையை எப்பவும் திறந்தே வைங்க. பிடிச்ச தீனியை உள்ளே வைங்க, தானாப் போகும். நடுவுல சும்மா இங்கே கூட்டிட்டு வாங்க. ஊசி கிடையாது, ஒண்ணும் கிடையாது. தீனி சாப்பிட்டுட்டு வீட்டுக்குப் போயிடலாம். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடுதல் நேரம், அவ்வளவுதான்.”

“வயசான காலத்துல இதெல்லாம் பழகுமா டாக்டர்?” என்று கேட்டாள் மகள்.

“வயசானா இன்னும் சீக்கிரம் பழகும். சண்டை போடத் தெம்பு இருக்காது.”

“நிஜமாவே விட்டுட்டு வர்ற அன்னைக்கு?”

“கொஞ்சக் கூடாது, அழக் கூடாது. நீங்க கலங்கினா அதுக்குத் தெரிஞ்சிடும். எப்பவும் போல வெச்சிட்டு, எப்பவும் போல வெளியே போயிடணும்.”

அடுத்த நாளே கூடை கூடத்தின் மூலைக்கு வந்தது. துரை முதலில் தலையை மட்டும் நீட்டி மீனைக் கவ்விக்கொண்டு ஓடியது. பிறகு முன்கால்கள் போயின. ஒரு மத்தியானம் வாலும் உள்ளே போயிற்று. மகள் மெல்லக் கதவைச் சாத்தினாள். துரை கண் சொருகப் படுத்திருந்தது.

பெரியவர் குனிந்து கம்பிக் கதவு வழியாகப் பார்த்தார். “முரண்டே பண்ணலையேம்மா. பார்க்கவே ஒரு மாதிரி இருக்கு.”

“பயம் இல்லாம இருக்கானே, அது போதும்ப்பா.”

அவள் சமையலறைச் சுவரைப் பார்த்தபடி சொன்னாள். அடுப்பை ஏற்றியதையே மறந்து அப்பா தூங்கிப்போன பகலில் பிடித்த கரி, எத்தனை தேய்த்தும் போகவில்லை. அன்றிலிருந்து அலுவலகத்தில் அவளுக்கு வேலை ஓடுவதில்லை.

சும்மா போய்வரும் நாட்களில் பெரியவரும் கூடவே போனார். திரும்பும் வழியில் மகள் தன் தோழியின் வீட்டில் காரை நிறுத்துவாள். தோட்டம் வைத்த பெரிய வீடு. தோழி வெள்ளை ரப்பர் செருப்பு போட்டிருப்பாள். அவள் பின்னால் வந்து நிற்பது கூடத் தெரியாது. கேட்காமலே சர்க்கரை போட்டு டீ கொடுப்பாள். வீட்டில் சர்க்கரையைக் கண்ணிலேயே காட்டாத மகள், அங்கே மட்டும் பார்க்காததுபோல் இருப்பாள்.

முதல் தடவை வராந்தாவோடு திரும்பினார்கள். அடுத்த தடவை கூடத்தில் உட்கார்ந்தார்கள். அதற்கடுத்து பின்னறையில், ஜன்னலோரம். சுவருக்கு அப்பால் யாரோ இருமினார்கள். வேறு யாரோ ஒரே பெயரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் பதில் சொல்லவில்லை.

“வீட்டுல நிறைய பேரோ?”

“சொந்தக்காரங்க வந்திருக்காங்க ஐயா,” என்றாள் தோழி.

பெரியவரின் கண் பழக்கதோஷத்தில் கதவுக்குப் போனது. “உள்பக்கம் கைப்பிடியே இல்லையே. எந்த மடையன் மாட்டினான் இதை?”

“ஆள் வரச் சொல்லியிருக்கோம்,” என்று தோழி சிரித்தாள். மகள் டீயை வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தாள்.

கடைசியில் அந்த நாள் வந்தது. துரை தானாகக் கூடைக்குள் போய்ப் படுத்தது. காலையில் விட்டு, சாயங்காலம் எடுத்தார்கள். பல் போயிருந்தது, உயிர் இருந்தது. மகளின் கையில் ஒரு கீறல் கூட இல்லை.

“ஏமாந்தது கூடத் தெரியாம ஏமாந்துட்டான் பார்,” என்று காரில் வழியெல்லாம் சிரித்தார் பெரியவர்.

மகள் சிரிக்கவில்லை. “டீ குடிச்சிட்டுப் போலாம்ப்பா,” என்று மட்டும் சொன்னாள்.

பின்னறை ஜன்னலோரம் டீ தயாராக இருந்தது. சர்க்கரை வழக்கத்தைவிடத் தூக்கல். மகள் அவர் மடியிலிருந்து கூடையை வாங்கிக்கொண்டாள்.

“இவனுக்கு மருந்து வேளை. கார்லயே கொடுத்துட்டு வர்றேன்ப்பா.”

எப்போதும் போல்தான் சொன்னாள். எப்போதும் போல்தான் நடந்தாள். கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது.

அலுப்பாக இருந்தது. பெரியவர் அங்கிருந்த கட்டிலில் சாய்ந்து, தலையணையில் முகம் புதைத்துக் கண்ணை மூடினார். தன் வீடு போலவே நிம்மதியாக இருந்தது.

பிறகுதான் அவருக்குத் தன் தலை எண்ணெய் வாசனை அடித்தது. அது இன்று காலை வரை அவர் படுத்து எழுந்த தலையணை, அதன் உறையை யாரும் துவைத்திருக்கவில்லை.