மூன்றாம் கட்டில்

ஆன்சியின் உள்ளங்கை அந்தப் பெண்ணின் இடது மார்புக்குக் கீழே அசையாமல் கிடந்தது. தேடியது கிடைக்கவில்லை. கையைச் சற்று நகர்த்தினாள். அங்கும் இல்லை.

"மாதாவே, கைவிட்டுடாதம்மா" என்று முணுமுணுத்தாள்.

கட்டிலில் படுத்திருந்தவள் கண் திறந்தாள். "என்ன டாக்டரம்மா?"

"ஒண்ணுமில்லக்கா. நீங்க மூச்சு மட்டும் விடுங்க."

போய்க்கொண்டிருந்தது அந்தப் பெண்ணின் உயிர் அல்ல. திருச்சியில் ஒரு மருத்துவக் கல்லூரியின் இறுதியாண்டுச் செய்முறைத் தேர்வு அது. ஆன்சிக்கு மூன்றாவது முறை. முன்பு இரண்டு தடவையும் இதயத்தின் ஓசையைப் பிரித்துக் கேட்கத் தெரியவில்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

காலையில் பஸ் ஸ்டாப் வரை கூட வந்த அப்பா, பஸ் கிளம்பும்போதுதான் வாயைத் திறந்தார். "இந்தத் தடவையும் இல்லேன்னா போதும்மா. மலைக்கோட்டையில பெரியப்பா துணிக்கடையில உக்காந்துக்கலாம்." கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பாள்.

பத்து நிமிடம்தான் நேரம். நோயாளியிடம் ஒரு கேள்வியும் கேட்கக் கூடாது, பெயர்கூட. பார்த்து, தொட்டு, தட்டி, காது வைத்துக் கேட்டு நோயைக் கண்டுபிடிக்க வேண்டும். பேச விட்டால் நோயாளியே நோயின் பெயரைச் சொல்லிக் கொடுத்துவிடுவார் என்று அப்படி ஒரு விதி.

ஆனால் ஹாஸ்டலுக்குத் தெரியாத ரகசியம் ஏது? "மூணாம் கட்டில் விழுந்தா நீ பாஸுடி" என்று ஹாஸ்டலில் தங்கியிருந்த தோழி ரிஃபானா நேற்றே போனில் சொல்லியிருந்தாள். "மலர்க்கொடி. பச்சைமலையிலேர்ந்து வருஷா வருஷம் போன் போட்டு வரவழைக்கிற கேஸு. வால்வு சுருங்கிப்போச்சு. தூங்குற பூனை மேல கை வச்ச மாதிரி நெஞ்சு குர்ருன்னு அதிரும். உன் காதுக்குக்கூட கேக்கும், போ!"

கட்டிலின் தலைமாட்டில் ஒட்டியிருந்த சீட்டில் மலர்க்கொடி என்றுதான் எழுதியிருந்தது. ஆனால் ஆன்சியின் கைக்கு அடியில் எந்த அதிர்வும் இல்லை.

"இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுங்கக்கா. மூச்ச வெளிய விட்டு அப்படியே நிறுத்துங்க."

ஸ்டெதஸ்கோப்பை அழுத்தாமல் வைத்துக் கண்களை மூடிக்கொண்டாள். லப். டப். இரண்டுக்கும் அப்புறம் வர வேண்டிய அந்தத் தாழ்ந்த உருட்டல் வரவில்லை. அங்கே இருந்தது வெறும் அமைதி. ஊருக்கெல்லாம் கேட்பது தனக்கு மட்டும் கேட்கவில்லை.

மூச்சை இழுத்துக்கொண்டதும் அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள். "உங்கிட்டயாவது ஒண்ணு சொல்லணும்மா."

"ஐயோ, பேசாதீங்கக்கா. என்னை வெளிய அனுப்பிடுவாங்க."

வார்டுக்குப் புதிதாக வந்த ஊழியர் பிச்சைமுத்து திரையை விலக்கி எட்டிப் பார்த்தார். "வந்ததுலேர்ந்து இதே தொணதொணப்புதான். மலர்க்கொடின்னு வாயத் தொறந்ததுமே கையப் புடிச்சுக் கூட்டியாந்து படுக்க வச்சேன், அப்பவும் விடல. பேசாம கெட தாயி, படிக்கிற புள்ள பொழப்பக் கெடுக்காத!"

அந்தப் பெண் வாயை மூடிக்கொண்டாள். அவள் கண்கள் நிறைந்துவிட்டன. தன்மேல் இரக்கப்படுகிறாள் என்று ஆன்சி நினைத்தாள்.

மணி அடித்தது. கேட்டதைச் சொல்வதானால் 'ஒன்றுமில்லை' என்று சொல்ல வேண்டும். மூன்றாம் கட்டிலில் ஒன்றுமில்லை என்றால் சிரிக்க மாட்டார்களா? துணிக்கடையின் கண்ணாடிக் கதவு ஒரு கணம் கண்முன் வந்தது.

வெளியூரிலிருந்து வந்த பரிசோதகர் நாற்காலியில் சாய்ந்தார். "சொல்லும்மா."

"மைட்ரல் வால்வு சுருக்கம் சார். கை வச்சா அதிர்வு தெரியுது. முதல் ஓசை பலமா இருக்கு. இடது பக்கம் சாய்ச்சா உருட்டல் நல்லாக் கேக்குது."

"நிஜமாவே கேட்டுச்சா?"

"கேட்டுது சார்."

அவர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். கட்டிலைப் பார்க்கவில்லை. "நல்ல காதும்மா உனக்கு. போன ரெண்டு தடவை எப்படிக் கோட்டை விட்டே?" என்றபடி எதையோ குறித்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

பாஸ். காத்திருந்த சந்தோஷம் வரவில்லை.

அந்தப் பெண் எழுந்து உட்கார்ந்து சேலையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். ஆன்சி அவள் பக்கத்தில் போய்க் குனிந்தாள்.

"அக்கா, மன்னிச்சிடுங்க. உங்க நெஞ்சுல எனக்கு ஒண்ணுமே கேக்கல. பொய் சொல்லித்தான் பாஸாயிருக்கேன். நானெல்லாம் டாக்டராகவே கூடாதுக்கா."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இப்ப பேசலாம்க்கா. என்னமோ சொல்லணும்னீங்களே?"

"மலர்க்கொடி செத்து இருபது நாளாச்சும்மா, அதச் சொல்லிட்டுப் போக வந்த தங்கச்சி நான்."