இடுப்பிலிருந்து எடுத்த கிண்ணம்

இங்கிலாந்தின் பிளாக்பூலில் மழை. ஆஸ்பத்திரி ஜன்னலின் சாம்பல் வெளிச்சத்தில், போன வாரம் என் செயற்கை இடுப்பு மூட்டிலிருந்து எடுத்த பிளாஸ்டிக் கிண்ணம் எஃகுத் தட்டில் கிடக்கிறது. முப்பது வருஷம் எலும்புக்குள் இருந்து பழுப்பேறி, ஒரு பக்கமாகத் தேய்ந்து குழிந்திருக்கிறது. “இப்ப வெச்சிருக்கிறது கதிர் பாய்ச்சின புது பிளாஸ்டிக், பெரியவரே. தேயவே தேயாது,” என்கிறார் டாக்டர் ஹார்கிரீவ்ஸ். “போனதரம் வெச்சவனும் இதையேதான் சொன்னான்,” என்கிறேன். நர்ஸ் டோரீன் சிரிக்கிறாள். “எங்க போய் இப்படித் தேச்சீங்க, செல்லம்?” கடற்கரைக் கோபுரத்துக்கு அடியில் இருக்கும் நடனக்கூடத்தில்தான். சனிக்கிழமை தவறாமல், இந்தப் பக்கத்துக் காலை ஊன்றித்தான் என் மனைவி ஈடித்தைச் சுற்றவிடுவேன். அவள் போய்ச் சேர்ந்து நாலு வருஷம். கிண்ணத்தைக் கையிலெடுத்துக் கட்டைவிரலைக் குழிக்குள் வைக்கிறேன், வழவழவென்று இருக்கிறது. “இத நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்.” டாக்டர் தலையாட்டி மறுக்கிறார். “தேய்மானம் பாக்க ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பணும். வெட்டித்தான் பாப்பாங்க, திரும்பி வராது. நீங்க சம்மதிக்கலேன்னா விட்டுடறோம். ஆனா இப்படி யாரோ குடுத்த கிண்ணங்களப் பாத்துத்தான் உங்க புதுசையே செஞ்சாங்க.” அவர் பேச்சை நான் முழுதாக நம்பவில்லை. ஆனாலும் கிண்ணத்தைத் தட்டில் வைத்துவிடுகிறேன். எழுந்து நடக்கிறேன். புது இடுப்பு அதிக வலியில்லாமல் என்னை வாசல்வரை கொண்டுபோகிறது. அதற்கு ஈடித்தைத் தெரியாது.