அப்பா போட்ட மெட்டு

பிரிட்ஜ்வாட்டர் நகர வீட்டுக் கூடத்தில் நாகலக்ஷ்மி சம்மணமிட்டு, வயலின் தலையைக் கணுக்காலில் ஊன்றி உட்கார்ந்திருக்கிறாள். மாலை வெயில் எதிரிலுள்ள லாப்டாப்பின் மேல் சரிகிறது. “உனக்காக நானே போட்டது” என்று சொல்லி அவள் கணவர் ஸ்ரீநிவாசன் முப்பது வருஷம் சீட்டியடித்த மெட்டு. ஞாயிற்றுக்கிழமை அவருடைய வருஷாப்திகத் திதிக்கு வருகிறவர்கள் முன் அதை வாசிப்பதாக இருக்கிறாள். “இந்த ட்யூன் பழைய ஃபைஃப் புக்ல இருக்கும்மா. சோல்ஜர்ஸ் புல்லாங்குழல்ல ஊதின மார்ச். அதுக்கும் முன்னாடி ஃபிடில் ட்யூன். யார் கம்போஸ் பண்ணினான்னு நோபடி நோஸ்” என்கிறாள் மகள் ப்ரியம்வதா. “அப்போ அப்பா எங்கிட்ட பொய் சொல்லியிருக்காரா?” மகள் லாப்டாப்பில் அந்த மார்ச்சைப் போடுகிறாள். குழலோசை கீச்சென்று எழுகிறது. நாகலக்ஷ்மி கூடவே வில் போடுகிறாள். முதல் வரி அதேதான். இரண்டாவதும் அதேதான். மூன்றாம் வரியில் குழல் விறைப்பாக உச்சிக்கு ஏறி நிற்க, அவள் விரல் பாதியிலேயே குழைந்து கீழே வழுக்குகிறது. “அம்மா, அங்க தப்பு.” “தெரியும். அப்பாவுக்கு அந்த உச்சி எட்டாது. எப்பவும் இப்படித்தான் இழுத்துச் சமாளிப்பார்.” பதிவு முடிந்து குழல் ஓய்கிறது. நாகலக்ஷ்மி கண்களை மூடி, அந்தத் தப்பை மட்டும் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்கிறாள்.