டக்காரில் பார்க்க நாலு இடம்

பொரித்த மீன் றோல்ஸை ஒரு கடி கடித்ததுமே அருந்தவனுக்குக் குமட்டியது. துப்பவும் முடியாது, விழுங்கவும் முடியாது, சம்பந்தம் பேச வந்த வீடு. கடித்ததைக் கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொண்டான். மனைவி சுஜீவா அவன் தொடையில் கிள்ளினாள்.

"முகத்தைக் கொஞ்சம் நல்லா வைச்சிருங்கோவன். வினுஷாவின்ரை விசயம்" என்றாள் மெதுவாக.

வினுஷா சுஜீவாவின் தங்கை. தாய் தகப்பன் இல்லாத பிள்ளைக்கு அருந்தவன்தான் எல்லாம். குவேக்கர்ஸ் ஹில் புறநகரில் இருக்கும் இந்தப் பெரிய வீட்டில் அவன் இன்றைக்கு "ஓம்" என்று சொன்னால் கலியாணம் முற்றாகிவிடும். மாப்பிள்ளை சுபாங்கன் நல்ல பையன். பக்கத்தில் இருந்த வினுஷாவுக்கும் பிடித்துவிட்டது.

சகிக்க முடியாதவர் மாப்பிள்ளையின் தகப்பன் இரத்தினசிங்கம்தான். வாசலில் நின்று, "ஒண்டுக்கும் யோசியாதேங்கோ, உள்ளுக்கை வாங்கோ" என்று அவர் வாய் திறந்ததிலிருந்தே அருந்தவன் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். சுவர் நிறைய மர முகமூடிகள் வேறு. வந்தவர்கள் ஆறுதலாகக் கதிரையில் சாய முதலே கையில் ரிமோட்டை எடுத்துவிட்டார் மனிதர்.

"தம்பிக்குச் சகோதரங்கள் இருக்கினமோ?" என்று அருந்தவனிடம் பேச்சுக்குக் கேட்டார்.

"ஒரு அண்ணா. கனடாவுக்கு எண்டு சொல்லி ஏஜென்சிக்காரன் கப்பலிலை ஏத்தினவன். பிறகு தகவலே இல்லை."

"ச்சா, பாவம்" என்று சூள்கொட்டினார். அவ்வளவுதான் அவருடைய துக்கம். அடுத்த நிமிடம் ரிவியில் படம் ஓடத் தொடங்கியது.

"இது டக்கார். செனகலின்ரை தலைநகரம். முந்தி பிசினசுக்கு அடிக்கடி போய்வந்த இடம். போன வருசம் மனிசியையும் கூட்டிக்கொண்டு போய்ச் சுத்திக் காட்டினனான். இதுதான் அங்கத்தைய பெரிய மாதா கோயில்."

வெள்ளைக் கோயிலின் முன்னால் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக அவரே நின்றார். கோயிலில் பாதியை அவருடைய வயிறு மறைத்துக்கொண்டிருந்தது.

"அடுத்தது பெரிய பள்ளிவாசல்" என்றான் அருந்தவன். பள்ளிவாசல் வந்தது.

"பிறகு கடற்கரைப் பள்ளிவாசல். ரெண்டு கோபுரம்." அதுவும் வந்தது. "கடைசியா, தீவு."

இரத்தினசிங்கத்துக்குச் சந்தோசம் தாங்கவில்லை. "தம்பியும் போயிருக்கிறீர் போலை?"

"இல்லை."

சுஜீவா திரும்பிப் பார்த்தாள். கொழும்பைத் தாண்டி அவன் கண்டது ஒரு மீன்பிடிப் படகும் வில்லாவுட் அகதித் தடுப்பு முகாமும் இந்த நகரமும்தான் என்பது அவளுக்குத் தெரியும்.

"ஹனிமூனுக்கு நீங்களும் போங்கோ, பிள்ளை" என்றார் இரத்தினசிங்கம் வினுஷாவிடம். "எயார்போட்டிலை ஏன் வந்தனீங்கள் எண்டு மறிச்சுக் கேட்டால், இந்த நாலு இடத்தையும் இதே ஒழுங்கிலை சொல்லுங்கோ. ரூறிஸ்ட் எண்டு விட்டிடுவாங்கள்."

தீவுப் படம் வந்தது. அடிமைகளை அடைத்து வைத்திருந்த பழைய வீடு. இருட்டு நடையின் முடிவில் ஒரு வாசல், அதற்கப்பால் கடல். இரத்தினசிங்கம் எழும்பிப் போய் ரிவியில் அந்த வாசலைத் தொட்டுக் காட்டினார்.

"இந்த வாசலாலைதான் சனத்தைக் கப்பலேத்தினவங்களாம். போன ஒருத்தரும் திரும்பேல்லை. மனுசரைச் சாமான் மாதிரி ஏத்தி அனுப்பி உழைச்சிருக்கிறாங்கள். இதிலை நிண்டு நான் அழுதிட்டன்."

கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். கண்ணில் உண்மையாகவே தண்ணீர் இருந்தது. அதுதான் இன்னும் கேவலம்.

அருந்தவன் வாயிலிருந்ததை டிஷ்யூவில் துப்பினான், எல்லோருக்கும் முன்னால். சுஜீவா தலையைக் குனிந்துகொண்டாள். வினுஷாவின் கண் கலங்கிவிட்டது.

"என்ன தம்பி, ஆபிரிக்கா எண்டால் உமக்கு அவ்வளவு அருவருப்போ?" இரத்தினசிங்கத்தின் குரலில் சூடேறியிருந்தது.

"அந்த ஊரிலை எனக்கு ஒரு அருவருப்பும் இல்லை, அங்கிள்."

"ஆ, பிறகென்ன? அதை விடும். போகாத ஊரை எப்பிடி இவ்வளவு வடிவா ஒழுங்காச் சொல்லுறீர்?"

அருந்தவன் வினுஷாவை ஒருமுறை பார்த்தான். பிறகு அவரைப் பார்த்தான்.

"கப்பலேற எண்டு எங்கட அண்ணா டக்காருக்கு வெளிக்கிட முதல், நீங்கள் போனிலை அவருக்கு இதைச் சொல்லிக் குடுக்கேக்கை, நான் பக்கத்திலை இருந்தனான்."