கை ஆறிடுச்சா?

வட இங்கிலாந்தின் நார்தம்ப்ரியா நாட்டு அரசர் வருஷத்துக்கு ஒருமுறை எங்கள் ஊரில் வந்து சாப்பிட்டுப் போவார். அதுதான் எங்கள் வரி. ரொட்டி சுடுவது என் வேலை. ஒரு வருஷம் அடுப்புக்கல்லில் கை வெந்துபோயிற்று. அரசர் அதைப் பார்த்து, என் பேரை விசாரித்து, "கை ஆறிடுமா, பெபா?" என்றார். கணவன் செத்தபின் என்னை விசாரித்த முதல் ஆள்.

மறுவருஷம் அவரைக் கொன்றவர் அரசராக வந்தார். முன்பின் பார்த்திராத மனிதர். "கை ஆறிடுச்சா, பெபா?" என்றார்.

அவரையும் கொன்றார்கள். ஒன்பது வருஷத்தில் ஐந்து அரசர்கள். ஐந்து பேரும் கேட்டார்கள். தழும்புகூட மறைந்துவிட்டது. ஆனாலும், "இன்னும் இல்ல, ராசா" என்றே சொல்லிவந்தேன். கேட்பதற்கு வேறு யார் இருக்கிறார்கள்?

ஐந்தாமவர் இரண்டாம் முறை வந்தபோது பொய் அலுத்துப்போய், "ஆறிடுச்சு, ராசா" என்றேன். தலையசைத்துவிட்டுப் போனார். அந்த வாரமே செத்தார். அப்புறம் அரசரே இல்லை.

"மூணு வருஷமா சிம்மாசனம் காலியா கெடக்கு. யாருக்கும்மா இத்தனை ரொட்டி?" என்று இன்று காலை ஊர்த்தலைவர் ஓஸ்லாஃப் சிரித்தார்.

அவர் போனதும், கொதிக்கும் கல்லில் உள்ளங்கையை வைத்து அழுத்தினேன்.

துணி சுற்றி முடிப்பதற்குள் பாலத்தில் குதிரைகளின் சத்தம் கேட்டது.