பதினைந்து கிலோ

டைவிங் ஜாக்கெட்டுக்குள் இன்னும் காற்று இருந்தது.

அவள் அதைத் தரையில் பரப்பி முழங்காலால் அழுத்தினாள். வால்வு சீறியது. இரண்டு சொட்டுத் தண்ணீர் மொசைக் தரையில் விழுந்தது. டிசம்பரில் இறங்கிய கடல்.

காற்று முழுக்கப் போன பிறகுதான் அது மடிந்து கொடுத்தது.

கட்டில்மேல் இரண்டு பைகள். ஒன்று அவளுடையது, ஒன்று அப்பாவுடையது. மறுநாள் காலை ஆறரைக்கு விமானம். போர்ட் பிளேர். ஆளுக்குப் பதினைந்து கிலோ.

காலில் மாட்டும் துடுப்புகளைப் பையின் இரு ஓரங்களிலும் சுவர்போல நிறுத்தினாள். நடுவில் ஜாக்கெட். அதன்மேல் சுருட்டிய ரப்பர் உடை, வெட்சூட். கத்தி பெரிய பைக்குள் போயிற்று. டார்ச்சின் பேட்டரியைக் கழற்றிக் கைப்பையில் போட்டாள். மூச்சு விடுகிற ரெகுலேட்டரும் கைப்பையில்தான். அதை மூட்டை தூக்கி எறிகிறவர்களை நம்பி விட முடியாது. காற்று சிலிண்டரும் இடுப்பில் கட்டும் ஈயக்கட்டியும் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும்.

எப்போதும் இதைச் செய்கிறவர் அப்பா. இந்த முறை கனம் தூக்கக் கூடாது என்று அவரை ஹாலில் உட்கார வைத்திருந்தாள்.

அப்பா சபாபதி, ரயில் பெட்டித் தொழிற்சாலையில் முப்பத்து நான்கு வருடம் வெல்டராக இருந்தவர். அம்மா இறந்த மறுவருடம் அவள்தான் அவரைப் பாண்டிச்சேரிக்கு இழுத்துப் போய்க் கடலில் இறக்கினாள். அப்போது அவருக்கு ஐம்பத்தொன்பது. படகில் ஏறியவர் மாஸ்கைக் கழற்றினார்.

பிறகு, அடுத்தது எப்போது என்று கேட்டார்.

நான்கு வருடமாக அவளுக்கு அவர் ஜோடி, அவருக்கு அவள் ஜோடி. தனியாக இறங்கக் கூடாது என்பது விதி. ஒருவருக்குக் காற்று தீர்ந்தால் மற்றவர் கொடுக்க வேண்டும். அப்பா அவளுடைய சிலிண்டர் வால்வை இரண்டு தடவை திறந்து பார்ப்பார். மூன்றாவது தடவையும் பார்ப்பார்.

ஜனவரியில் அவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள்.

ஒரு வருடத்துக்குக் கடலில் இறங்கவே கூடாது என்று டாக்டர் சொன்னபோது அவளும் அந்த அறையில் இருந்தாள். அப்பா தலையாட்டினார். முன்பே வாங்கி வைத்திருந்த ஏப்ரல் டிக்கெட்டைப் பற்றி அவர் பேச்செடுக்கவில்லை. அவர் எடுக்கட்டும் என்று அவளும் இருந்துவிட்டாள்.

ஏப்ரல் வந்துவிட்டது.

போர்ட் பிளேர் டைவிங் கடையிலிருந்து வந்த உடல்நலப் படிவம் மேஜைமேல் லேப்டாப்பில் திறந்திருந்தது. அப்பாவின் படிவம். நிரப்பிவிட்டு, அனுப்பாமல் விட்டிருந்தார்.

பத்துக் கேள்விகள். பத்துக்கும் 'இல்லை'.

மூன்றாவது கேள்வி இதயத்தைப் பற்றியது.

நின்றபடியே படித்தாள். திரும்பி வந்து அவருடைய பையைத் தராசுக் கொக்கியில் மாட்டித் தூக்கினாள். பதினான்கு அறுநூறு. இறக்கி வைத்தாள். மறுபடி மேஜைக்குப் போனாள்.

மூன்றாவது பதிலை 'ஆம்' என்று மாற்றினாள்.

அனுப்பினாள்.

அரை மணி நேரம் கழித்து ஹாலில் அப்பாவின் போன் அடித்தது.

"ஆமா சார், சபாபதிதான்... ஜனவரில... இல்ல சார், டாக்டர் எழுதித் தர மாட்டாரு... புரியுது."

அப்புறம் குரல் தணிந்தது. என்ன பேசினார் என்று அவளுக்குக் கேட்கவில்லை. தண்ணீர் குடித்து டம்ளரை வைக்கும் சத்தம் வந்தது. அவர் மட்டும் வரவில்லை.

வந்தபோது வாசற்படியைத் தாண்டாமல் நின்றார்.

"நீதான் அனுப்புனியா, மைதிலி?"

"ஆமாப்பா."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"சொன்னா நிறுத்தியிருப்பீங்களா?"

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார்.

"மாட்டேன்" என்றார்.

உள்ளே வந்து தன் பையைத் திறந்தார். அவள் அடுக்கிய ஒவ்வொன்றையும் வெளியே எடுத்தார். துடுப்புகளை அலமாரிக்கு அடியில் தள்ளினார். வெட்சூட்டைத் தோள் மடங்காமல் அகலமான ஹேங்கரில் மாட்டினார். கையால் ஒருமுறை நீவிவிட்டார்.

அவள் தராசைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"நாம போக வேணாம்ப்பா. கேன்சல் பண்ணிடலாம்."

"எதுக்கு? உனக்கு வேற ஜோடி போடச் சொல்லியாச்சு. புதுசா கத்துக்கிட்டவங்க யாரும் வேணாம், பழைய ஆளாப் போடுங்கன்னு சொல்லியிருக்கேன்."

"நீங்க?"

"வர்றேன். படகுல இருக்கேன்."

அவளுடைய பையை இழுத்து வைத்து உள்ளே கைவிட்டுப் பார்த்தார். மாஸ்கை வெளியே எடுத்து, துடுப்பின் கால் நுழைகிற பொந்துக்குள் செருகினார். அங்கேதான் அது நசுங்காது. ஜிப்பைப் பாதி இழுத்தவர் நிறுத்தினார்.

"ஏம்மா, அத்தனை பேரும் கீழ இருக்கும்போது மேல நிறையக் குமிழி வருமே. அதுல உன்னோடது எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"



நான்கு வருடத்தில் ஒரு தடவைகூட அவள் மேலே இருந்ததில்லை. அவருக்குக் கை எட்டும் தூரத்தில், கீழேதான் இருந்திருக்கிறாள்.

"தெரியலப்பா."

அவர் தலையாட்டினார். மீதி ஜிப்பையும் இழுத்து மூடினார். பிறகு அலமாரியில் வெகுநேரம் எதையோ தேடினார்.

ஒரு தொப்பி.

படகில் வெயில் அதிகமாக இருக்கும்.